பாதப் புண்ணும் என்புத் தொற்றும்: ஒன்றிணைந்த வைத்தியக் குழுவின் அவசியம்

இலங்கையில் வயது வந்தோரில் நூற்றுக்கு 23 பேர் அளவில் நீரிழிவு நோய்க்கு உள்ளாகியிருப்பதாக 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் மேற்கொள்ளப்பட்ட சுகாதாரம், முதுமை தொடர்பான ஆய்வு வெளிப்படுத்தியது. 2005, 2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட முன்னைய ஆய்வில் இவ்வீதம் 10.3 ஆகவே காணப்பட்டது. இரண்டு ஆய்வுகளும் ஒரே அளவுகோலைக் கொண்டு நடத்தப்பட்டவையல்ல. அத்துடன் யுத்தம் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் முன்னைய ஆய்வில் உள்ளடக்கப்படவுமில்லை. ஆயினும் நோய் எத்திசையில் செல்கின்றது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

சீனி வருத்தம் என்று சர்வ சாதாரணமாகப் பேசப்படும் இந்நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தாக்கும் என்பதை எம்மவர்கள் இப்போது ஓரளவு அறிந்துள்ளனர். பாதத்தைப் பற்றிய அச்சம் மாத்திரம் இன்னும் வரவில்லை. உலகளாவிய மதிப்பீடுகளின்படி நீரிழிவுள்ளவர்களில் ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை தமது வாழ்நாளில் ஒரு தடவையேனும் பாதப் புண்ணுக்கு ஆளாகின்றனர். அப்புண்களில் ஏறக்குறைய அரைவாசி கிருமித் தொற்றுக்கு உள்ளாகின்றன. கணுக்காலுக்கு மேலே கால் துண்டிக்கப்பட்ட நீரிழிவு நோயாளர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மரணமடைகின்றனர். கால் துண்டிப்பே அவர்களைக் கொல்கின்றது என்று இதற்குப் பொருளல்ல. அந்நிலையை அடைந்தவரின் இருதயமும் சிறுநீரகமும் குருதிக் குழாய்களும் ஏற்கனவே பழுதடைந்திருக்கும். எனினும் பல புற்றுநோய்களுக்குச் சமமான ஆபத்தை ஒரு பாதப் புண் தன்னுள் மறைத்து வைத்திருக்கின்றது என்பதை இவ்வெண்ணிக்கை உணர்த்துகின்றது.

இந்த ஆபத்தைக் குறைக்கும் வழி புதியதொரு மருந்தில் இல்லை. வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த வைத்தியர்களும் தாதியரும் ஒரே வேளையில் ஒரே காலைப் பார்ப்பதிலேயே அது தங்கியுள்ளது என்பது கடந்த நாற்பது ஆண்டு கால அனுபவமாகும். அதனை விளங்கிக்கொள்வதற்கு, புண் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை முதலில் நோக்குவது பொருத்தமானது.

குருதியில் குளுக்கோசின் அளவு பல்லாண்டுகளாக உயர்ந்து காணப்படும்போது பாதத்துக்குச் செல்லும் நரம்புகள் உணர்விழக்கின்றன. முள் தைத்தாலும் செருப்பினுள் ஆணி கிடந்தாலும் நோயாளி அறியமாட்டார். வியர்வை குன்றித் தோல் வரண்டு வெடிக்கின்றது. விரல்கள் வளைந்து, பாதத்தின் சில இடங்களில் மாத்திரம் உடலின் பாரம் முழுவதும் இறங்குகின்றது. அவ்விடத்தில் தோல் தடித்து, அதன் கீழே சதை நசிந்து, இறுதியில் புண் திறக்கின்றது. நாடிகள் தடித்து ஒடுங்கியிருப்பின் புண்ணுக்குக் குருதி செல்லாது. குருதி செல்லாத இடத்துக்கு மருந்தும் செல்லாது. பாதத்தில் தோலுக்கும் என்புக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு என்பதால் கிருமிகள் விரைவில் என்பை அடைகின்றன. இத்தனையும் வலியின்றி நடைபெறுகின்றது. கடுமையான தொற்று உள்ளவர்களிலும் பலருக்குக் காய்ச்சல்கூடக் காய்வதில்லை.

வலி இல்லாமையே நோய் என்ற இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டிய பணி தமிழ் மண்ணிலேயே இடம்பெற்றது என்பது எம்மில் பலர் அறியாத செய்தியாகும். 1914 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இணைந்து தொழுநோயாளர்களிடையே பணியாற்றினார். தொழுநோய் சதையை அழுகச் செய்கின்றது என்ற நெடுங்கால நம்பிக்கையை அவர் மறுத்தார். உணர்விழந்த பாதத்தில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும், நோயாளி அறியாது நேரும் சிறு காயங்களுமே புண்ணுக்குக் காரணம் என அவர் நிறுவினார். இரவில் உறங்கும் நோயாளரின் விரல்களை எலிகள் கடித்துச் செல்வதைக் கண்டறிந்து, அவர்களுக்குப் பூனைகளை வளர்க்கக் கொடுத்ததும் அவரது அனுபவங்களுள் ஒன்று. (நீரிழிவால் உணர்விழந்த கால்களையும் எலிகள் விட்டுவைப்பதில்லை.) மென்மையான நுண்துளை இரப்பரினாலான பாதணிகளும், பாதத்தோடு ஒட்டிப் பொருந்தி அழுத்தத்தைப் பரவச் செய்யும் பிளாஸ்டர் கட்டும் அவருடைய குழுவினரால் பயன்படுத்தப்பட்டன. 1966 இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றபோது அந்த அறிவும் அவருடன் சென்றது. நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு இன்று உலகெங்கும் இடப்படும் கட்டு தொழுநோயாளரின் பாதத்திலிருந்து கற்றுக்கொள்ளப்பட்டதாகும்.

பிராண்ட் கற்பித்தது பாதத்தைப் பற்றி. வைத்தியசாலை எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட வேண்டும் என்பதை லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலை செய்து காட்டியது. அங்கு 1981 ஆம் ஆண்டில் மைக்கல் எட்மண்ட்ஸ் என்னும் வைத்திய நிபுணர் நீரிழிவுப் பாதத்துக்கென்று தனியான கிளினிக் ஒன்றை ஆரம்பித்தார். நீரிழிவு வைத்தியர், பாதப் பராமரிப்பாளர், தாதி, சத்திரசிகிச்சை நிபுணர், பாதணி அமைப்பவர் ஆகியோர் அங்கு ஒன்றாகப் பணியாற்றினர். பாதணி அமைப்பவரை வைத்தியர்களுக்குச் சமமாக அமர்த்தியது அக்காலத்தில் சிறிய காரியமன்று. பெரிய அளவிலான கால் துண்டிப்புகள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்ததை 1986 இல் அக்குழுவினர் அறிவித்தனர். 1989 இல் இத்தாலியின் சென் வின்சன்ட் நகரில் கூடிய ஐரோப்பிய நாடுகளின் சுகாதாரப் பிரதிநிதிகள், நீரிழிவு காரணமான கால் துண்டிப்பை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைப்பதென இலக்கு வகுத்தனர். அந்த இலக்கைப் பெரும்பாலான இடங்கள் அடையவில்லை. அடைந்த இடங்களுள் ஒன்றான இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில், குழுப் பராமரிப்பு முறையாகக் கட்டியெழுப்பப்பட்ட 11 ஆண்டு காலப்பகுதியில் நீரிழிவு நோயாளரிடையே மொத்தத் துண்டிப்புகள் 70 சதவீதத்தினாலும் பெரிய துண்டிப்புகள் 82 சதவீதத்தினாலும் வீழ்ச்சியடைந்தன. அங்கே ஒவ்வொரு துண்டிப்பும் பதிவு செய்யப்பட்டு, அது ஏன் நேர்ந்தது என ஆராயப்பட்டு வந்தது. எமது அபிப்பிராயத்தில் வெற்றியின் பாதி அந்தப் பதிவேட்டில் இருந்தது.

பிரித்தானியாவில் 2015 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தேசிய வழிகாட்டலின்படி, உயிருக்கோ காலுக்கோ ஆபத்தான நிலையிலுள்ளவர் உடனடியாக வைத்தியசாலைக்கு அனுப்பப்பட வேண்டும். ஏனைய பாதப் புண் நோயாளர் ஒரு வேலை நாளுக்குள் பாதப் பராமரிப்புச் சேவைக்கு அனுப்பப்பட்டு, அடுத்த ஒரு வேலை நாளுக்குள் அங்கு பரிசீலிக்கப்பட வேண்டும். இங்கே கணக்கிடப்படுவது நாட்கள், வாரங்களல்ல என்பது கவனிக்கத்தக்கது.

குழுவாகப் பார்ப்பதனால் சிகிச்சையில் என்ன மாறுகின்றது என்ற வினா எழலாம். கிருமித் தொற்று விடயத்தில் மாற்றம் மிகப் பெரிது. புண்ணைக் கண்டதும் நுண்ணுயிர்கொல்லி மாத்திரை எழுதிக்கொடுப்பது எமது நாட்டில் வழமையாகிவிட்டது. பாமசியில் தாமாகவே வாங்கிக்கொள்வோரும் உளர். தொற்று இல்லாத புண்ணுக்கு நுண்ணுயிர்கொல்லி தேவையில்லை என்பதும், தேவையற்று வழங்கின் மருந்தை எதிர்க்கும் கிருமிகளே மிஞ்சும் என்பதும் சர்வதேச வழிகாட்டல்களின் தெளிவான நிலைப்பாடாகும். தொற்று உண்டெனில் அது எந்தக் கிருமியால் ஏற்பட்டது என்பதை அறிய வேண்டும். புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சினால் துடைத்தெடுக்கும் மாதிரியில் தோலில் சாதாரணமாக வாழும் கிருமிகளே பெரும்பாலும் வளரும். புண்ணைச் சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து எடுக்கப்படும் இழையமும், என்பில் சந்தேகம் இருப்பின் என்பின் சிறு துண்டுமே உண்மையைக் கூறும். அவற்றையும் நோயாளி உயிராபத்தான நிலையில் இல்லாதவிடத்து, மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னரே எடுத்தல் வேண்டும். மருந்து தொடங்கிய பின்னர் எடுக்கப்படும் மாதிரியில் கிருமி வளராமற் போகலாம். சத்திரசிகிச்சை நிபுணரும் நுண்ணுயிரியல் நிபுணரும் முன்கூட்டியே பேசிக்கொண்டாலன்றி இது நடைபெறுவதில்லை.

என்பில் தொற்று உண்டா என்பதை அறிவதற்கும் பொறுமையும் கூட்டறிவும் தேவை. மழுங்கிய முனையுள்ள கம்பியைப் புண்ணினுள் செலுத்தும்போது கடினமான என்பு தட்டுப்படின் சந்தேகம் வலுக்கின்றது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படம் எவ்வித மாற்றத்தையும் காட்டாதிருக்கலாம். ஆகவே ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்பியவர் மூன்று வாரங்களின் பின் மீண்டும் படம் எடுக்க வேண்டியவராவார். இன்னொரு பொறியும் உண்டு. பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தும் புண் இல்லாதவிடத்து, அது கிருமித் தொற்றாக அன்றி, உணர்விழந்த பாதத்தின் மூட்டுகளும் என்புகளும் தாமாகவே நொறுங்கும் சார்கோ என்னும் நிலையாக இருக்கலாம். அதற்கு வேண்டியது நுண்ணுயிர்கொல்லியல்ல, பாரம் இறங்காதவாறு இடப்படும் கட்டு.

என்பினுள் குடிகொண்ட கிருமி எளிதில் அகலாது. குருதி ஓட்டமற்று இறந்த என்புத் துண்டிலும், முறிவுக்காகப் பொருத்தப்பட்ட உலோகத் தகட்டிலும், செயற்கை மூட்டிலும் கிருமிகள் வழுவழுப்பான படலமொன்றை உருவாக்கி அதனுள் பதுங்கிவிடுகின்றன. மருந்து அப்படலத்தை ஊடுருவுவது கடினம். எனவே இறந்த பகுதியை அகற்றும் சத்திரசிகிச்சையும் நீண்டகால மருந்தும் ஒன்றையொன்று சார்ந்தே வெற்றி பெறுகின்றன. பாத என்புத் தொற்றை என்பை அகற்றாது மருந்தினால் மாத்திரம் குணப்படுத்த முற்படின் ஏறக்குறைய ஆறு வாரங்கள் செல்லும். இந்த ஆறு வாரங்களும் ஊசி மூலமாகவே மருந்து ஏற்றப்பட வேண்டும் என்பது நெடுங்காலமாக எழுதப்படாத சட்டமாக இருந்தது. ஒக்ஸ்போர்ட்டின் என்புத் தொற்றுப் பிரிவைச் சார்ந்தோர் தலைமையில் பிரித்தானியாவின் 26 நிலையங்களில் 1,054 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஒவிவா ஆய்வு அந்தச் சட்டத்தை அசைத்தது. என்பு, மூட்டுத் தொற்றுகளில் சத்திரசிகிச்சை அல்லது சிகிச்சை ஆரம்பமாகி ஏழு நாட்களுக்குள் வாய்வழி மருந்துக்கு மாற்றப்பட்டவர்களில் ஓராண்டுக்குள் 13.2 சதவீதத்தினருக்கே சிகிச்சை தோல்வியுற்றது. ஊசி மருந்தைத் தொடர்ந்தவர்களில் அது 14.6 சதவீதமாகும்.

ஆறு வாரங்கள் வைத்தியசாலை விடுதியில் தங்கியிருக்கும் கூலித் தொழிலாளியின் குடும்பம் எவ்வாறு உண்ணும் என்பதை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இந்த ஆய்வின் பெறுமதி விளங்கும். ஆனால் இதனை ‘ஊசி வேண்டாம், மாத்திரை போதும்’ என்று சுருக்கிவிடலாகாது. அந்நோயாளர்களில் பெரும்பாலானோருக்குத் தேவையான சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தது. பொருத்தமான மாத்திரையை நிபுணர்களே தெரிவு செய்தனர்.

மூட்டுகளின் கதை இன்னும் அவசரமானது. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் அதன் வழவழப்பான கசியிழையம் ஒரு சில நாட்களிலேயே அழியத் தொடங்கும். திடீரென ஒரு மூட்டு வீங்கி, சூடேறி, அசைக்க முடியாதவாறு நொந்தால், ஊசி மூலம் அதன் நீரை எடுத்துச் சோதித்து, அன்றைய தினமே சிகிச்சை தொடங்கப்பட வேண்டும். சிறுபிள்ளைகளில் குருதி வழியாக வரும் கிருமிகள் நீண்ட என்புகளின் முனைகளில் தங்குவதுண்டு. காய்ச்சலுடன் பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் ‘விழுந்திருப்பான்’ என்று கருதி, முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் தடவக் கொண்டு செல்லும் வழக்கம் எம்மிடையே உண்டு. முறிவுக்கும் நெரிவுக்கும் அம்மரபு வைத்தியம் ஆற்றிவரும் சேவையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் காய்ச்சலோடு கூடிய மூட்டு வீக்கத்தை உருவுவதனால் சீழ் பரவுமேயன்றி வற்றாது.

இவ்விடத்தில் எமது வயல்களோடு தொடர்புடைய நோயொன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். மெலியோய்டோசிஸ் எனப்படும் இந்நோய்க்குக் காரணமான பற்றீரியா ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. சேற்றில் வெறுங்காலுடன் இறங்குபவரின் கீறல் வழியாக அது உடலினுள் நுழைகின்றது. இலங்கையில் முதலாவது நோயாளர் 1927 ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருந்த போதிலும், 2006 க்குப் பின்னர் முறையாகத் தேடத் தொடங்கிய பிறகே இத்தீவின் பல மாகாணங்களிலும் அது பரவலாக உள்ளமை தெரியவந்தது. இதற்கு மிக எளிதில் ஆளாகின்றவர்கள் நீரிழிவு நோயாளர்களே. மழைக்காலத்தில் நோயாளர் தொகை உயர்கின்றது. நியூமோனியாவாகவும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளாகவும், மூட்டிலும் என்பிலும் தொற்றாகவும் பல வேடங்களில் வரும் இந்நோய், காசநோயென்று தவறாகக் கருதப்படுவதுண்டு. ஆய்வுகூடத்திலும் இக்கிருமி முக்கியமற்ற வேறொன்றாக எண்ணி ஒதுக்கப்படலாம். சாதாரணமாக வழங்கப்படும் பல நுண்ணுயிர்கொல்லிகளுக்கு அது கட்டுப்படாது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி மூலம் குறைந்தது இரு வாரங்கள் அளவிலும், என்பிலும் மூட்டிலும் தொற்றிருப்பின் அதனினும் நீண்ட காலமும் ஏற்றப்பட்டு, அதன்பின் கோ-டிரைமொக்சசோல் மாத்திரைகள் குறைந்தது மூன்று மாதங்களும், என்புத் தொற்றாயின் ஆறு மாதங்களும் உட்கொள்ளப்பட வேண்டும். ஊசியைச் சுருக்கலாம் என்ற ஒவிவா ஆய்வின் பாடம் இங்கே பொருந்தாது. எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்ல நுண்ணுயிரியல் நிபுணர் சிகிச்சைக் குழுவினுள் இருக்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. எலிக்காய்ச்சலை நன்கறிந்த எமது விவசாயிகளில் எத்தனை பேர் இந்நோயின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

எமது அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பெரிய வைத்தியசாலைகளில் மேற்கூறிய நிபுணர்களில் பலர் கடமையாற்றுகின்றனர். ஆனால் நீரிழிவு கிளினிக் ஒரு நாள், சத்திரசிகிச்சை கிளினிக் இன்னொரு நாள், என்பு முறிவு கிளினிக் வேறொரு நாள் என்பதே வழமை. ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறி, அதிகாலையில் இலக்கம் எடுத்து, வரிசையில் நிற்க வேண்டியவர் காலில் புண் உள்ளவர். ஒரு கிளினிக்கிலிருந்து மற்றதற்குக் கடிதம் கொண்டு செல்பவரும் அவரே. இந்த இடைவெளிகளில் கழியும் வாரங்களிலேயே விரல் பாதமாகின்றது, பாதம் காலாகின்றது.

வாரத்தில் ஒரு முற்பகல், ஓர் அறை, நான்கைந்து துறையினர் ஒரே மேசையில். ஆரம்பத்துக்கு இது போதுமானது. குருதிக் குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லாத மாவட்டத்தில் நோயாளியின் படங்களைத் தொலைபேசி வழியே வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்பி ஆலோசனை பெறுவது இன்று கடினமன்று. காயத்துக்கு மருந்து கட்டுவதில் விசேட பயிற்சி பெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவரை அவ்வறையிலேயே நிலையாக அமர்த்துவதும், அவரை ஆறு மாதத்தில் வேறு விடுதிக்கு மாற்றாதிருப்பதும் செலவற்ற சீர்திருத்தங்கள். யுத்தத்தில் அவயவங்களை இழந்தோருக்குச் செயற்கைக் கால் அமைத்த தொழில்நுட்பவியலாளர்கள் எம்மிடையே உள்ளனர். கால் போன பின்னர் அவர்களை நாடும் நாம், கால் இருக்கும்போதே பாதணி அமைக்க அவர்களை அழைக்கலாம். சுகாதார அமைச்சும் மாகாண சுகாதாரத் திணைக்களங்களும் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஆண்டுதோறும் நிகழும் கால் துண்டிப்புகளின் எண்ணிக்கையை வெளியிட முன்வருமாயின், எங்கே குழு தேவை என்பதை எவரும் வாதிட வேண்டியிராது.

எமது சமூகங்களின் வழிபாட்டு முறைகளும் பாதத்தோடு தொடர்புடையன. கோவில் வீதியின் சுடுமணலில் நண்பகலில் வெறுங்காலுடன் நடப்பதும், கதிர்காமப் பாத யாத்திரையும், தீமிதிப்பும் உணர்விழந்த பாதத்துக்குப் பெரும் சோதனைகள். மாலைப் பூசைக்குச் செல்வதும், நேர்த்திக்கடனை வேறு வழியில் நிறைவேற்றுவதும் பக்தியைக் குறைத்துவிடாது. ஐவேளையும் வுழூச் செய்யும் முஸ்லிம்களுக்குப் பாதம் கழுவப்படுவது நன்மையே. ஆனால் விரலிடுக்குகளில் ஈரம் தங்கினால் தோல் ஊறி வெடித்துக் கிருமி நுழையும் என்பதால் துடைத்து உலர்த்துவது அவசியமாகும். கட்டுப் போடப்பட்ட புண்ணின் மீது ஈரக்கையால் தடவிக்கொள்ளும் சலுகை பற்றி உலமாக்களிடம் கேட்டறியலாம். ஹஜ், உம்றாவுக்குச் செல்லும் நீரிழிவு நோயாளர் புறப்படுவதற்கு முன்னர் பாதங்களைப் பரிசோதித்துக்கொள்வதும், பயணத்துக்கென்று வாங்கிய புதிய செருப்பைச் சில வாரங்கள் முன்னதாகவே அணிந்து பழகுவதும் நன்று.

பாத உணர்வை வீட்டிலேயே சோதிக்கும் எளிய முறையொன்று இப்ஸ்விச் நகரில் வகுக்கப்பட்டது. நோயாளி கண்களை மூடியிருக்க, வேறொருவர் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியைத் தமது விரலால் ஓரிரு விநாடிகள் மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அவர் உணராவிடின் பாதம் ஆபத்தில் உள்ளது. அத்தகையோர் நாள்தோறும் பாதத்தின் அடிப்புறத்தைக் கண்ணாடியில் பார்க்கவும், அணியுமுன் செருப்பினுள் கைவிட்டுத் தடவிப் பார்க்கவும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடவாதிருக்கவும் வேண்டும். சுடுநீரில் கால் வைப்பதும், ஆணியைப் பிளேட்டினால் சீவுவதும், புண்ணில் கோப்பித்தூள் அப்புவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

புண் கண்டவுடன் வைத்தியசாலைக்குச் செல்பவர் தம்மோடு சில விபரங்களைக் கொண்டு செல்வாராயின் வைத்தியர்களின் வேலை பாதியாகும். புண் முதன்முதலில் காணப்பட்ட திகதி, இறுதியாகப் பார்த்த குருதிச் சீனியின் அளவு, முன்னர் எடுத்த எக்ஸ்ரே படங்கள், வயலில் இறங்கியவராயின் எப்போது என்பது ஆகியன கிளினிக் கொப்பியில் குறிக்கப்பட்டிருத்தல் நலம். இடையில் எந்த நுண்ணுயிர்கொல்லியை எத்தனை நாட்கள் உட்கொண்டார் என்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. பெயர் ஞாபகத்தில் இல்லாவிட்டால் மாத்திரை இருந்த வெறும் மட்டையையாவது எடுத்துச் செல்லலாம்.